ஊமத்தங்காய் தின்றவன் நாக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அடிவாரம் கடந்து முதற்சில வளைவுகள் வரையில் சாலையோர மண்மேடுகளில் ஊமத்தை தானே முளைத்துக் கிடக்கும். எவரும் நட்டதில்லை, எவரும் பிடுங்குவதுமில்லை. ஆடுகூட வாய் வைக்காத செடி. காற்றில் குளிர் ஏறி, சவுக்கு மரங்களும் மிளகுக் கொடி சுற்றிய காப்பித் தோட்டங்களும் தென்படத் தொடங்கியபின் அச்செடி குறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பழைய துரைமார் பங்களாக்களின் வேலியோரங்களில் அதன் உறவுக்கார மரம் ஒன்று, முழ நீள வெள்ளைப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நிற்பதைக் காணலாம். அது தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியையும் பலவகைப் பழமரங்களையும் கொண்டுவந்தார் என்பதைப் பலரும் அறிவர். பின்னால் வந்தவர்கள் பூமரங்களைக் கொண்டுவந்தார்கள். கீழே நிற்பது ஏழை ஊமத்தை, மேலே தொங்குவது பணக்கார ஊமத்தை. இரண்டின் உடம்பிலும் ஓடும் நஞ்சு ஒன்றுதான்.

இச்செடியைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எமக்கு எம் பெரியப்பாவால் வந்தது. அவர் சேர்வராயன் மலைத் தோட்டமொன்றில் முப்பதாண்டுக் காலம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1994இல், மாதக்கணக்காக விடாத இருமலும் எச்சிலில் ஓரிருமுறை கண்ட செந்நிறமும் அச்சுறுத்தவே, மலையிலிருந்து கீழே ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். மூச்சுக்குழாய்க்குள் குழல்விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் நோயாளிகள் வழக்கில் அதற்குப் பெயர் 'பிராங்காஸ்கோப்பி'. முந்தைய இரவிலிருந்தே உணவும் நீரும் கூடாது. காலையில், குழல்விடுவதற்கு அரைமணி முன்பாகத் தோளில் ஓர் ஊசி போட்டார்கள். என்ன ஊசி, எதற்கு ஊசி என்று அவருக்கும் சொல்லவில்லை, எமக்கும் சொல்லவில்லை. கேட்கும் துணிவும் அந்நாளில் எமக்கில்லை.

பரிசோதனை நல்லபடியாகவே முடிந்தது. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்புதான் காரணம் என்றார்கள். அவர் மேலும் பதினோராண்டுகள் இருந்தார். ஆனால் அந்த நாளைப்பற்றிப் பேசும்போதெல்லாம் மூக்குவழியே நுழைந்த குழலைப் பற்றி அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் சொன்னது வேறு.

"ஊமத்தங்காயத் தின்னவன் கணக்கா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு கண்ணு. ஒரு முழுங்கு தண்ணி கேட்டேன். தரல."

அதை உவமை என்றே எண்ணியிருந்தோம். தமிழ் படித்தவர்க்குள்ள பழக்கம், எதைக் கேட்டாலும் அணியிலக்கணத்தில் இடம் தேடுவது. அவர் மறைவுக்குப்பின் தகரப்பெட்டியிலிருந்த தாள்களைப் புரட்டியபோதுதான் அன்றைய மருத்துவக் குறிப்பு கையில் கிடைத்தது. ஊசியின் பெயர் அதில் இருந்தது: அட்ரோபின், 0.6 மி.கி. ஊமத்தையின் இலையிலும் காயிலும் விதையிலும் இருக்கும் நச்சுப்பொருளும் அந்த ஊசிமருந்தும் வேதியியலில் ஒன்றே. மலையில் வாழ்ந்த மனிதர் தம் நாக்கைக் கொண்டே மருந்தை அடையாளம் கண்டிருக்கிறார். அது உவமை அன்று, உண்மைக் கூற்று.

(அந்த மருந்து ஊமத்தையிலிருந்துதான் வடிக்கப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பியச் செடியான பெல்லடோனாவிலும் ஆஸ்திரேலிய மரமான டுபாய்சியாவிலும் இக்குடும்பத்து நச்சுப்பொருள்களே உள்ளன. எல்லாம் கத்தரியின் பங்காளிகள்.)

*

ஊமத்தை என்னும் சொல்லே செடியின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. உன்மத்தம் என்ற வடசொல் திரிந்து ஊமத்தம் ஆயிற்று. பித்து என்பது பொருள். தேவாரத்தில் சிவபெருமான் சடையில் கொன்றையோடும் எருக்கோடும் வந்தமர்கிற மத்தம் இதுதான். பித்தனுக்குப் பித்துப்பூ. ஏழாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கோயில்தோறும் நடந்து பாடியவர்கள் சாலையோரத்தில் கண்ட பூவையே பாட்டில் வைத்தார்கள் என்று கொள்வதில் பிழையிராது.

இதில் தாவரவியலாருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஊமத்தை இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்பது அவர்கள் முடிவு. கொலம்பசுக்கு எண்ணூறு ஆண்டுகள் முன்பே அது சிவன் தலையில் ஏறியது எவ்வாறு? பெங்களூரிலிருந்து வெளிவரும் இந்திய அறிவியல் கழகத்தின் உயிரியல் ஆய்விதழில் 2007இல் வந்த ஒரு கட்டுரை இதை எடுத்துக்கொண்டது. பழைய நூற்சான்றுகளையும் சிற்பச் சான்றுகளையும் கொண்டு, ஊமத்தையின் ஓரினமாவது கி.பி. நான்காம் நூற்றாண்டுக்குள் பழைய உலகத்தை அடைந்துவிட்டது என்று அது வாதிடுகிறது. இலக்கியம் படித்தவர்களின் சான்றைத் தாவரவியலார் கேட்டு வாங்கும் நாளும் வருகிறது என்று மகிழ்ந்துகொண்டோம்.

சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச்சாறு சேரும் மத்தன் தைலம் ஆறாத புண்களுக்கு மேற்பூச்சாக இன்றும் உண்டு. இலையை உலர்த்திப் புகைப்பது இரைப்புக்கு நாட்டு வைத்தியம். அப்புகைதான் நம் கதையில் கடல் கடந்தது.

*

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1738இல் பிறந்து 1809இல் சென்னையிலேயே மறைந்தவர். மருத்துவரைவிடத் தோட்டக்காரர் என்றே அவரைச் சொல்லவேண்டும். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளி வளர்த்து, அதில் சாயப்பூச்சி வளர்த்து, சிவப்புச் சாயம் எடுக்கலாமென்று ஆண்டுக்கணக்கில் முயன்றவர். முசுக்கட்டை நட்டுப் பட்டுக்கும் முயன்றவர். அவருக்கு இரைப்பு நோய் இருந்தது. இந்நாட்டார் செய்வதைப் பார்த்து ஊமத்தையைக் குழாயில் இட்டுப் புகைத்தார், மூச்சு இளகிற்று. பிறருக்கும் பரிந்துரைத்தார். அவரிடமிருந்து இம்முறையைக் கற்ற ஜென்ட் என்ற படைத்தலைவர் 1802இல் பிரிட்டனுக்குத் திரும்பியபோது இதை எடுத்துச்சென்று சிம்ஸ் என்ற மருத்துவரிடம் சொன்னார். 1812இல் எடின்பரோ மருத்துவ இதழில் இது அச்சேறியது. இந்திய ஊமத்தை அங்கே எளிதில் கிடைக்காததால் அங்கு முளைக்கும் இன்னொரு வகையைப் புகைத்துப் பார்த்தார்கள். அதுவும் வேலை செய்தது.

அதன்பின் அந்த நூற்றாண்டு முழுதும் ஐரோப்பாவில் இரைப்பு நோயாளிகள் ஊமத்தைச் சுருட்டு பிடித்தார்கள். மருந்துக்கடைகளில் பெட்டி பெட்டியாக விற்றது. ஒன்பது வயது முதல் இரைப்பால் துன்புற்ற மார்செல் புரூஸ்ட், இவ்வினச் செடிகள் சேர்ந்த எஸ்பிக் சுருட்டுகளைப் புகைத்தவர். பிற்காலத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மருந்துப்பொடிகளை எரித்து அப்புகையில் உட்கார்ந்திருந்தவர். இலக்கிய நண்பர்கள் கொண்டாடும் அந்த நீண்ட வாக்கியங்கள் அந்தப் புகைக்குள் இருந்து எழுதப்பட்டவை. சென்னைப்பட்டணத்துக்கு அதில் சிறு பங்குண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் ஆண்டர்சனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவர் வீட்டுச் சமையற்காரரா, தோட்டவேலையாளா, பக்கத்து வீதி வைத்தியரா? ஜென்ட்டின் பெயர் நின்றது, சிம்ஸின் பெயர் நின்றது. முதற்புகையை ஊதிக்காட்டியவரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. மருந்தின் தமிழ்ப் பெயர்களை மட்டும் எழுதியவர்கள் உண்டு. சென்னையில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி 1813லும் 1826லும் வெளியிட்ட நூல்களில் நம் கடைச்சரக்குகளின் பெயர்களைத் தமிழிலேயே கேட்டுக் குறித்தார். 1868இல் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலில் ஊமத்தைக்கு முறைப்படி இடம் கிடைத்தது. அந்நூலை 'இந்து பதார்த்த சாரம்' என்று தமிழாக்கியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன். ஆக நம் செடி ஆங்கிலம் போய், நூலாகித் திரும்பித் தமிழுக்கே வந்தது. தமிழிலக்கிய வகுப்புகளில் கிறீனை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அது தனிக் கட்டுரைக்குரிய குறை.

இதைப் படிக்கும் எவரும் ஊமத்தையைப் புகைக்கவோ தின்னவோ முயலவேண்டா. செடிக்குச் செடி, காய்க்குக் காய் நஞ்சின் அளவு மாறும். 19ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கருக்கு உணவில் ஊமத்தை விதை கலந்துகொடுத்துக் கொள்ளையடித்த கூட்டங்களைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர்களும் காவலர்களும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவ்வாறு நஞ்சுண்டவரின் அடையாளங்கள் யாவை? முதலில் வாயும் தொண்டையும் வறளும், விழுங்க முடியாது. பாவை விரிந்து கண் கூசும். தோல் உலர்ந்து சிவந்து சுடும். நெஞ்சு படபடக்கும். பிறகு இல்லாததைப் பிடிக்கக் கை அலையும். பெரியப்பா கண்டது இவற்றுள் முதற்படி. அதையே மருத்துவர்கள் வேண்டுமென்று வரவழைத்தார்கள் என்பதுதான் இக்கதையின் திருப்பம்.

*

அதைச் சொல்லக் குழலின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

உயிருள்ள மனிதரின் குரல்வளையைத் தெளிவாகக் கண்டு பதிவுசெய்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற அந்த ஸ்பானியர் 1854இல் பல்மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, தாம் பாடும்போது குரல்நாண்கள் அசைவதைப் பார்த்தார். அவர் நூறாண்டு வாழ்ந்தவர். அவரைப் பார்த்து மருத்துவர்களும் கண்ணாடியை எடுத்தார்கள். ஆனால் தொண்டையில் எது பட்டாலும் குமட்டும் இயல்பை என்ன செய்வது? நோயாளியை நாட்கணக்கில் பழக்கவேண்டியிருந்தது.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர், கண்ணில் கொக்கெயின் சொட்டு விட்டால் வலி தெரிவதில்லை என்று காட்டினார். அதே ஆண்டே யெல்லினெக் அதைக் குரல்வளையில் தடவினார். 1897இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன், 63 வயது உழவர் ஒருவரின் வலப்பக்க மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை, கொக்கெயினால் தொண்டையை மரக்கச்செய்து, நேரான உலோகக் குழல் நுழைத்து எடுத்தார். மூச்சுக்குழாய் அகநோக்கின் பிறப்பு அதுதான் என்பர். அதாவது குழலோடு கூடவே முன்மருந்தும் பிறந்தது. மரக்கச்செய்யும் மருந்தில்லாமல் அந்த உழவர் வாயைத் திறந்திருக்கமாட்டார். பிலடெல்பியாவின் செவாலியர் ஜாக்சன் மட்டும் சிறுகுழந்தைகளுக்கு எந்த மயக்கமருந்தும் கூடாது என்ற கட்சி. குழந்தைகள் விழுங்கிய ஊக்கு, காசு, பொம்மைத் துண்டு என்று அவர் எடுத்த 2000க்கும் மேற்பட்ட பொருள்கள் அந்நகர அருங்காட்சியகம் ஒன்றில் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. நம் ஊரில் அப்படி ஓர் அலமாரி வைத்தால் வேர்க்கடலையும் புளியங்கொட்டையுமே நிறைந்திருக்கும்.

கொக்கெயின் வந்த வழி இது. ஊமத்தையின் நஞ்சு வந்த வழி வேறு, அது மயக்கமருந்தின் வாசல் வழியாக வந்தது. பெல்லடோனாவிலிருந்து அட்ரோபினை மைன் என்ற ஜெர்மானிய மருந்தாளர் 1831இல் தூய வடிவில் பிரித்தார். உயிர்நூலை அறுக்கும் கிரேக்கத் தெய்வமான அட்ரோபோஸின் பெயரைச் செடிக்கு வைத்தவர் லின்னேயஸ். செடியின் பெயர் மருந்துக்கு ஒட்டிக்கொண்டது. உன்மத்தம் என்றார்கள் இங்கே, அட்ரோபோஸ் என்றார்கள் அங்கே. பித்தும் சாவும், பெயரிட்டவர்கள் ஒளிக்கவில்லை.

1840களில் ஈதரும் குளோரோபாமும் வந்தன. ஈதர் மூச்சுக்குழாயை எரித்துக் கோழையையும் எச்சிலையும் ஊற்றெடுக்கச் செய்தது. அந்நீரிலேயே நோயாளி மூச்சுத் திணறினார். குளோரோபாம் சிலரது இதயத்தைச் சட்டென்று நிறுத்தியது. மூளையிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இறங்கும் வேகசு நரம்பே அதை நிறுத்துகிறது என்று சிலர் கருதினார்கள். இரண்டுக்கும் அட்ரோபின் விடையாகத் தோன்றியது. எச்சிலை உலர்த்தும், வேகசின் கடிவாளத்தைத் தளர்த்தும். 1880 வாக்கில் இதற்கு ஆதரவு எழுந்தது. அதே காலத்தில் நம் ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற மருத்துவர், குளோரோபாம் இதயத்தைக் கொல்வதில்லை, மூச்சைத்தான் நிறுத்துகிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்று அடித்துச் சொன்னார். 1888லும் 1889லும் நிசாம் ஆதரவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் அமைந்தன. இரண்டாவதற்கு நிசாம் 1000 பவுன் கொடுத்து லண்டனிலிருந்து லாடர் பிரண்டனை வரவழைத்தார். ஐதராபாத் முடிவு முழுதும் சரியன்று என்பது பின்னர் நிறுவப்பட்டது. குளோரோபாம் இதயத்தையும் கொல்லும். எனினும் ஒரு மருந்தை நம்புவதா என்பதை வாதத்தால் அன்றி வரிசையான சோதனைகளால் தீர்க்கவேண்டுமென்ற பிடிவாதம் இந்நாட்டில் அன்றே இருந்தது என்பதற்காக அதை இங்கே நினைக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அறுவைக்கு முன் மார்பினும் அட்ரோபினும் ஊசியாகப் போடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. 1921இல் ஓட்டோ லேவி தவளை இதயங்களை வைத்து வேகசு நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை மெதுவாக்குகிறது என்று காட்டியபின், அட்ரோபின் எவ்வாறு குறுக்கே நிற்கிறது என்பதும் விளங்கலாயிற்று. சுரப்பிகளுக்கும் மூச்சுக்குழாய்த் தசைக்கும் அதே வேதிப்பொருள்தான் தூது போகிறது. ஆண்டர்சனின் மூச்சு இளகியதும், பெரியப்பாவின் நாக்கு ஒட்டியதும் அந்தத் தூது தடைப்பட்டதால்.

*

இனிச் சொல்வதே நாம் சொல்ல வந்தது.

1960களில் ஜப்பானியர் ஷிகெட்டோ இக்கெடா வளையும் கண்ணாடி இழைக் குழலைச் செய்தார். நேரான உலோகக் குழலுக்குப் பதிலாக, மூக்குவழியே பாம்புபோல் இறங்கும் மெல்லிய குழல். நோயாளி விழித்திருக்கலாம். தொண்டையில் மரப்பு மருந்து போதும். ஈதர் இல்லை, குளோரோபாம் இல்லை. ஊற்றெடுக்கும் கோழையும் இல்லை. இருந்தாலும் உறிஞ்ச அக்குழலிலேயே வழியுண்டு. ஆனால் அட்ரோபின் ஊசி மட்டும் நின்றுவிடவில்லை. எந்த நோய்க்காக வந்ததோ அந்நோய் போனபின்னும், விருந்தாளி திண்ணையை விட்டு எழவில்லை. குழல் விட்டால் வேகசு நரம்பு சிலிர்த்து இதயம் நிற்கலாம், இருமல் கூடலாம், பார்வையைக் கோழை மறைக்கலாம் என்று புதிய காரணங்கள் சொல்லப்பட்டன. ஆசிரியர் செய்ததை மாணவர் செய்தார். நம் தொழிலிலும் அதுதான் நடக்கிறது. முப்பதாண்டுப் பழைய குறிப்பேட்டிலிருந்து பாடம் சொல்பவர்களை நாம் அறிவோம், நாமும் சொல்லியிருக்கிறோம்.

சோதித்துப் பார்த்தவர்கள் வந்தார்கள். 2000இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 2001இல் பிரிட்டிஷ் மார்புநோய்க் கழகம், அட்ரோபின் வழக்கமாகத் தேவையில்லை என்று எழுதியது. எமக்கு மிகவும் பிடித்தது 2009இல் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. 1000 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு அட்ரோபின், சிலருக்கு அதன் செயற்கை உறவான கிளைக்கோபைரோலேட், சிலருக்கு வெறும் பொய்ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. கிளைக்கோபைரோலேட் கோழையைக் குறைத்தது உண்மை. ஆனால் இருமல் குறையவில்லை, நோயாளியின் அவதி குறையவில்லை, இரத்தத்தில் உயிர்வளி இறங்குவதும் குறையவில்லை. மாறாக மருந்து பெற்றவர்களின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதலாக அலைந்தன. உலர்ந்தது, உதவவில்லை. 2019இல் வெளியான இந்திய வழிகாட்டு நெறிகளும் இம்மருந்துகளை வழக்கமாகப் போடவேண்டாம் என்றே கூறின.

ஒரு மருந்து பயனற்றது என்று காட்டுவதற்கு 1000 பேர் தங்கள் தொண்டையைக் கொடுத்திருக்கிறார்கள். புதிய மருந்தைக் கண்டவருக்குப் பரிசும் பெயரும் உண்டு. பழைய ஊசியை நிறுத்தச் சொன்னவர்களை ஏடுகள் கண்டுகொள்வதில்லை. பெரியப்பாவைப் போன்ற எத்தனை முதியவர்கள் அந்த அரைமணி நேரத்தில் கட்டிலில் கிடந்து நாக்கைத் துழாவியிருப்பார்கள்! ஆபத்தான வேதனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் யாரும் கேட்கவில்லை.

1994இல் அந்த ஊசியைப் போட்டவர்மீது நமக்குக் குறையில்லை. அன்றைய பாடநூல் சொன்னதை அவர் செய்தார். சொல்லாமல் செய்தார் என்பது மட்டுமே குறை. "வாய் வறளும் ஐயா, மருந்தின் வேலை, சில மணி நேரத்தில் சரியாகும்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் அஞ்சியிருக்கமாட்டார். ஊமத்தை தின்று பித்தேறியவர்களை மலையில் கண்டவர் அவர். நாக்கு ஒட்டியதும் அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். தமக்கு யாரோ நஞ்சு கொடுத்துவிட்டார்கள் என்றே சில நிமிடங்கள் எண்ணியதாகப் பல ஆண்டுகளுக்குப்பின், சேர்வராயன் கோயில் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது, சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மையில் அவருடைய ஐயம் பாதி சரி. அளவுதான் வேறு.

மரப்பு மருந்தின் கதையும் இதேபோல் அளவின் கதை. கொக்கெயின் பழக்கமும் சாவும் தரவே, 1943இல் ஸ்வீடனில் லோப்கிரென் என்பவர் லிக்னோகெயினை ஆக்கினார். இன்று தொண்டையில் பீய்ச்சுவது அதுதான். அது பாதுகாப்பானது என்று பெயர் பெற்றது. ஆனால் 1996இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்காகத் தம் நுரையீரலைக் காட்ட முன்வந்த 19 வயது மாணவி ஒருவர், நோயில்லாதவர், அம்மருந்து அளவு மிஞ்சியதால் இறந்தார். தொண்டையில் தெளிப்பது தொண்டையோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலக்கிறது. 2015இல் மீண்டும் சண்டிகரிலிருந்தே ஓர் ஆய்வு: 2 விழுக்காட்டுக் கரைசலுக்குப் பதில் 1 விழுக்காட்டுக் கரைசலே இருமலை அடக்கப் போதும் என்று. பாதி மருந்தில் அதே பயன். இப்படிப்பட்ட சிறிய, ஆரவாரமற்ற முடிவுகளைச் சேர்த்துத்தான் ஒரு பரிசோதனை மனிதத்தன்மை பெறுகிறது. அமைதி தருவதற்கு மிடாசோலம் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். அதைப்பற்றி நாம் சொல்வதற்கு அதிகமில்லை. அஞ்சும் நோயாளிக்கு அது நல்லது என்பதை நெறிகளும் ஏற்கின்றன.

ஊமத்தை முற்றிலும் தோற்றுவிட்டது என்று எண்ணவேண்டா. அட்ரோபினின் மூலக்கூற்றைச் சற்றுத் திருத்தி, உறிஞ்சினால் மூச்சுக்குழாயோடு பெரும்பாலும் நின்றுவிடும்படியும் மூளைக்கு ஏறாதபடியும் செய்த மருந்துகள் உண்டு. இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் என்பன அவற்றின் பெயர்கள். புகைத்துப் புகைத்து மூச்சுக்குழாய் சுருங்கிப்போனவர்கள் நாள்தோறும் இழுக்கும் பம்புகளில் அவை இருக்கின்றன. ஆண்டர்சன் குழாயில் இட்டுப் புகைத்ததும் இதைத்தான். குழலுக்கு முன்னால் ஊசியாக வந்தபோது பயன்படாத பொருள், புகை போன வழியிலேயே திரும்பிப் போனபோது பயன்பட்டது. தோட்டத்தில் பெரியப்பாவோடு வேலைசெய்த ஒருவர், மேலே தொங்கும் ஊமத்தை மரத்தடியில் நின்றுகொண்டு அந்தப் பம்பை இழுப்பதைச் சென்ற மார்கழியில் கண்டோம். இரண்டுக்குமுள்ள உறவை அவரிடம் சொன்னபோது மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதான் ரெண்டும் கசக்குது" என்றார். பூவைக் கடித்துப் பார்த்திருக்கிறார் போலும். கேட்க அஞ்சி வந்துவிட்டோம்.

தகரப்பெட்டித் தாள்களில் இன்னொன்றும் இருந்தது. முந்தைய நாள் மாலை கொடுத்த சீட்டு: இரவு 9 மணிக்குமேல் தண்ணீர்கூடக் கூடாது. பரிசோதனை மறுநாள் காலை 11 மணிக்கு நடந்தது. பிரிட்டிஷ் கழகத்தின் 2013ஆம் ஆண்டு நெறிகளின்படி திட உணவை 4 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்தினால் போதும். தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம்.